சோத்தாங்கைப் பக்கம்

ஜனவரி 18, ஞாயிறு

கிழக்குக் காற்று, நான்காம் நாளாக. விடியற்காலை ஐந்தரைக்குச் சைக்கிள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி சாலையில் எல்லைச் சாவடி வரை, திரும்பவும் வீடு, இப்படி மூன்று முறை. கிழக்கே போகையில் காற்று முகத்தில். சராசரி வேகம் எழுதத் தகுந்ததன்று.

தேநீர்க் கடையில் காதில் விழுந்தது:

“அந்த வாத்தியாரு எதுக்குங் இப்பிடி மிதிக்கறாரு? ஊட்ல வண்டி இல்லீங்களா?”

“வண்டியெல்லாம் இருக்குது. வேற பொளப்பு இல்ல.”

புதிய குறிப்பேடு. ஆகவே சில செய்திகள், பதிவுக்காக ஒரு முறை மட்டும்.

போட்டி: பிப்ரவரி 1, ஞாயிறு. அணையில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். எட்டரை மணி நேரத்துக்குள். வயது 54. பதினான்கு மாதப் பயிற்சி.

கி.மூ.: கிணற்றை மூடியவர். பழைய குறிப்பேட்டிலும் இதே சுருக்கம். உறவுமுறையில் எனக்கு இளையவர், உடன்பிறந்தவர். அந்த உறவுக்குரிய சொல்லை இங்கே பயன்படுத்துவதில்லை. மரியாதைப் பன்மை ஒருபோதும் தவறாது.

கிணறு: பாறையை வெட்டி இறக்கியது, சதுரம். பாகம் பிரித்தபோது அவர் பக்கம் போனது. எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவே, ஒரு தென்னை வரிசைக்கு அப்பால். ஏழு வயதிலிருந்து நாள்தோறும் விடியலில் அதில் நீந்தினேன். ஈராண்டுகளுக்கு முன் விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக நான்கு நாள் திருச்சூர். திரும்பி வந்தால் கிணறு இல்லை. செம்மண்ணும் டிப்பர் லாரியின் சக்கரத் தடங்களும் இருந்தன. கேட்டதற்கு அவர் தந்த முழு விளக்கம்: “போர் போட்டாச்சுங்ணா. இனி எதுக்குங் கெணறு?” அன்று முதல் அவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

நீந்த இடமில்லாமல் செய்தார். ஆகவே நீந்துகிறேன். இதைவிட நேர்த்தியான பதில் எனக்குத் தோன்றவில்லை.

பிற்பகல் அவருடைய மகள் ஹரிணி வந்தாள், கல்யாணப் பத்திரிகையோடு. பிப்ரவரி 5, வியாழன். அவர்கள் வீட்டு வாசலிலேயே பந்தல். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாய்ப்பாடு முழுவதும் இந்த வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டே படித்தவள் அவள்.

“பெரிப்பா, நீங்க வரோணும். வராம இருந்தீங்கன்னா நான் மணவறைல உக்கார மாட்டேன்.”

“உட்காருவாய். மாப்பிள்ளை உன் பக்கத்தில் இருப்பார்.”

“அப்பா கேட் கிட்டயே நிக்கறாருங். ஒரு வார்த்த வாங்கன்னு சொல்லுங்க.”

பார்த்தேன். கி.மூ. வெளிக்கதவுக்கு அப்பால், மொபெட்டைப் பிடித்தபடி. மரத்தில் எத்தனை காய் என்று எண்ணுபவர்போல் மேலே பார்த்துக்கொண்டு.

பத்திரிகையை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினேன்.

முடிவு: திருமணத்துக்குப் போவதில்லை. ராணி போகலாம்.

ஜனவரி 21, புதன்

காற்று சற்றுத் தணிவு. பொள்ளாச்சி அருகே பள்ளி நீச்சல்குளம், பிள்ளைகள் வருமுன் ஒரு மணி நேரம். எண்பது நீளம். தரையில் கறுப்புக் கோடு. அதன்மேல் பார்வையை வைத்து, ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்ப்பதுபோல் நேராக.

மருத்துவச் சான்று கிடைத்தது. இதயம் ஒழுங்கு. முன்பு மயக்கம் வந்ததுண்டா என்றார் மருத்துவர். ஒரே முறை, வெறும் வயிறு என்றேன். எல்லாச் சோதனையும் செய்து பார்த்துத்தான் கையெழுத்திட்டார். அந்த மயக்கம் வந்தது கிணற்றுப் படியில் என்பதை அவரிடம் சொல்லவில்லை. ராணிக்கும் தெரியாது. முழங்காலில் இருந்த காயத்துக்கு அன்று வழுக்கியது என்று காரணம் சொன்னேன்.

போட்டி விதிகள் வந்தன, இருபத்தாறு. விதி 14 மட்டும் இரு முறை படித்தேன். அமைப்பாளர் வைத்த இடங்களில் அன்றி, வெளியார் எவரிடமிருந்தும் உணவோ நீரோ பெறுபவர் தகுதிநீக்கம். நல்ல விதி. வேண்டாதவரிடம் எதுவும் பெறாமல் ஒரு நாள் முழுவதும் கழிக்கலாம், சட்டமே துணை.

வாங்க: வாசலின், பாண்டேஜ், உப்பு மாத்திரை. கோழிக்குத் தவிடு.

ஜனவரி 25, ஞாயிறு

வானம் துப்புரவு. அணையில் பயிற்சி நீச்சலுக்கு அனுமதி தந்த ஒரே நாள். ராணி உடன் வந்தாள், குடையும் சுடுநீர்ப் புட்டியுமாக.

அவமானம்.

நேராக நீந்துவதாக நினைத்து நீந்தினேன். அடிக்கோடு இல்லாத தண்ணீர். தலையைத் தூக்கினால் எதிரே இருக்க வேண்டிய ஆரஞ்சு மிதவை வலது தோளுக்குப் பின்னால். திருத்தினேன். மீண்டும் அதே கதை. பாதுகாப்புக்காகப் பரிசலில் நின்ற அணை மீனவர் வேலாயுதன் துடுப்பால் தண்ணீரைத் தட்டி நிறுத்தினார்.

“சாரே, எங்கோட்டா போற? அது காடு! பலூன் இங்க!”

“நேராகத்தான் போகிறேன்.”

“நேரா? சாரு கோயில் பிரதட்சிணம் வெக்கற மாதிரி போறாரு. அங்க சாமி ஒண்ணும் இல்ல கேட்டோ.”

கரையில் ராணி: “ஏங்க, எல்லாரும் அங்கிட்டுப் போறாவ. நீங்க மட்டும் தனியா சுத்துதிய. என்னங்க ஆச்சு?”

வீட்டில், கைக்கடிகாரம் பதிந்துவைத்த நீச்சல் பாதையைப் பார்த்துக் கணக்கிட்டேன். நூறு மீட்டருக்குப் பதினொரு மீட்டர், எப்போதும் இடப்பக்கம். காரணம் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கணிதம் கற்பிப்பவனுக்கு அது அதிகம். நான் வாழ்நாளில் நேராக நீந்தியதே இல்லை. கிணற்றில் நேர் என்பது பத்துக் கை வீச்சு. பிறகு சுவர். படிக்கட்டு இருந்த மூலையை ஒட்டி எப்போதும் இடமாகத்தான் திரும்புவோம். நாற்பத்தைந்து ஆண்டுகள். கிணறு போய்விட்டது, உடல் இன்னும் அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அங்கே ஒரு விளையாட்டு உண்டு. ஒருவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நீந்த வேண்டும். மற்றவன் படியில் உட்கார்ந்து வழி சொல்வான். சோத்தாங்கை என்றால் வலம், பீச்சாங்கை என்றால் இடம். சுவரில் மோதினால் தோல்வி. நான் ஒரு முறையும் மோதியதில்லை. படியில் உட்கார்ந்திருந்தது யார் என்பது இங்கே தேவையற்றது.

ராணியிடம் சொன்னேன்: இந்த இடப்பக்கக் கோணல் பற்றி யாரிடமும் பேச வேண்டாம்.

“நான் யாருகிட்டப் போய்ச் சொல்லப் போறேன்?”

ஜனவரி 27, செவ்வாய்

மேகம், மழையில்லை. கல்லூரியில் இரண்டு வகுப்பு. மாலை மெதுஓட்டம் 8 கி.மீ. இடது பாதம் சற்றே கனத்தல். வெந்நீர், உப்பு.

சித்திரபுரத்திலிருந்து ராணியின் அக்காள் தொலைபேசியில். மின்வாரியக் குடியிருப்பில் கடுங்குளிராம், புல்லில் வெள்ளை. ஞாயிறு ஆராதனையில் என் பெயரைச் சொல்லி ஜெபிக்கப் போகிறார்களாம். “தண்ணில எறங்கும்போது கர்த்தர் கையப் பிடிச்சுக்கிடுவாரு, மாப்ள.” வலப்பக்கமாகப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு ராணி என் பாதத்தில் எண்ணெய் தேய்த்தாள். கிணற்றுப் பேச்சு வந்தது. மணமாகி வந்த இருபத்தெட்டு ஆண்டில் ஒரு நாளும் அவள் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்ததில்லை. முதல் வாரமே சொன்னாள்: “எங்க ஊர்ல தண்ணி மேலேருந்து கீழ வரும், எல்லாரும் பாக்க. இங்க தண்ணியக் குழிக்குள்ள போட்டு வச்சிருக்கிய.” தேயிலைச் சரிவில் ஓடை பார்த்து வளர்ந்தவள். எங்கள் பதிவுத் திருமணத்துக்கு என் தரப்பில் வந்தவர் ஒரே ஒருவர். சாட்சிக் கையெழுத்திட்டவர். மற்ற எல்லாரும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்த ஒருவர் யார் என்பதை ராணி நினைவூட்டினாள். அந்தக் கையெழுத்து ஒரு கிணற்றை மூடும் உரிமையைத் தராது என்றேன். அவள் மறுபாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 31, சனி

காற்று மறுபடி. வெயிலும். நாளை பகல் கடுமையாக இருக்கும்.

பதிவு முடிந்தது. எண் 117. பகா எண் அன்று; 9 × 13. எண்ணை மேற்கையில் மையால் எழுதிவிட்டார்கள்.

பைகள்:
நீச்சல்: கண்ணாடி 2, தொப்பி, வாசலின்.
சைக்கிள்: ஹெல்மெட், ட்யூப் 2, பம்ப், புட்டி 3, வேகவைத்த உப்பு உருளைக்கிழங்கு 6, நேந்திரம் 2.
ஓட்டம்: காலணி, தொப்பி, உப்பு மாத்திரை, கைக்குட்டை.

பட்டியலிட்டும் வைக்க மறந்தது: கைக்குட்டை. ராணி வைத்துவிட்டாள். அதன் மூலையில் நீல நூலால் சிறு அம்புக்குறி, வலப்பக்கம் நோக்கி. நீச்சலுக்கு அது பயன்படாது என்று அவளுக்குச் சொல்லவில்லை. மடித்து மேலே வைத்தேன்.

ஹரிணியிடமிருந்து குறுஞ்செய்தி: “பெரிப்பா ஜெயிச்சுட்டு வாங்க. வியாழக்கிழமை பட்டு வேட்டி.” முதல் வாக்கியத்துக்கு மட்டும் நன்றி அனுப்பினேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

முடித்தேன். முடிக்கவில்லை. பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. நாளை.

பிப்ரவரி 2, திங்கள்

விடுப்பு. படியிறங்க முடியவில்லை, பின்புறமாகத் திரும்பி இறங்கினேன். வரிசையாக எழுதுகிறேன்.

நீச்சல். ஆறரைக்குத் தொடக்கம். அணையின் மேல் மெல்லிய பனி. இரண்டு சுற்று, போகும் வழி அணைக்கரையை ஒட்டி, திரும்பும் வழி நடுநீரில். எழுபது நிமிடத்துக்குள் கரையேறாதவர் அத்தோடு வீட்டுக்கு. முதல் சுற்றில் கற்றதெல்லாம் செய்தேன். எட்டுக் கைக்கு ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்தல், இடக்கையை அழுத்தி வீசுதல். இருந்தும் இரண்டு முறை அணைக்கரைக் கல்லுக்கு அருகே போனேன்; திரும்புகையில் வேலாயுதனின் பரிசல் வந்து வழிமறித்தது. “பிரதட்சிணம் பின்னயும் தொடங்கியோ, சாரே!” கடிகாரம்: 36 நிமிடம். இதே வேகத்தில் 72. வெளியே.

இரண்டாம் சுற்று. கரையில் நூறு பேராவது கத்திக்கொண்டிருந்தார்கள். மலையாளம், ஆங்கிலம், விசில். எதுவும் காதில் தங்கவில்லை. பிறகு ஒன்று.

“ணோவ்! சோத்தாங்கை!”

என் அனுமதியின்றி என் உடல் வலம் திரும்பியது. யார் என்று நினைப்பதற்கு முன்பே திரும்பியது. இன்னும் இருபது கை. “சோத்தாங்கை! இன்னுங் கொஞ்சம்! ஆங், அப்பிடியே!” குரல் என்னோடு நகர்ந்தது. கரையோடு ஓடி வந்திருக்க வேண்டும். மிதவை நேர் எதிரே, வளர்ந்துகொண்டே வந்தது. அந்தச் சொல்லை அங்கே கூவக்கூடியவர் உலகில் ஒருவர்தான். திரும்பும் வழியில் குரல் எட்டவில்லை. பத்துக் கைக்கு ஒரு முறை நானே அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன், தண்ணீர் குடித்தபடி. 64 நிமிடம்.

கரையேறி ஹெல்மெட் மாட்டும்போதே கணக்குத் தெளிந்துவிட்டது. வேலாயுதனை விட்டால், என் கோணல் ராணிக்கு மட்டுமே தெரியும். கி.மூ.வுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே ராணி அவரோடு பேசுகிறாள். என் வீட்டில், என் முதுகுக்குப் பின்னால்.

சைக்கிள். 90 கி.மீ., அதில் பாதி காற்றுக்கு எதிரே. முதலமடை மாந்தோப்புகள் பூத்திருந்தன. மருந்தடித்த வாடை தொண்டையில். காலிப் பெட்டிகளோடு லாரிகள். மனத்துக்குள் ராணிக்கு ஒரு கடிதம் எழுதினேன், எண்ணிட்ட பத்திகளாக. 1) இருபத்தெட்டு ஆண்டு நம்பிக்கை என்பது யாது. 2) ஒருவனின் காயத்தை அதை உண்டாக்கியவரிடமே எடுத்துரைத்தல். 3) பத்தி மூன்றுக்கு வரும்போது ஒரு லாரி கிளீனர் தலையை நீட்டினார்: “தாத்தா, மிதிங்க! பொள்ளாச்சி பஸ்ஸு போயிருச்சு!” கடிதம் அறுந்தது. தாத்தா என்றது வேறு. இறங்கியபோது மணி 11.27. நல்ல நேரம். சினம் நல்ல எரிபொருள், மறுக்க முடியாது.

ஓட்டம். வாய்க்கால் கரையோரம் மூன்று சுற்று. நிழல் மிகக் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தாம் கி.மீ.யில் ஒரு சிறு பாலம்.

முதல் சுற்று. பாலத்தில் கி.மூ., மொபெட், சாக்கு மூட்டை. சீவிய இளநீரை இரு கையாலும் ஏந்திக்கொண்டு. “ணா,” அவ்வளவுதான். விதி 14. பார்க்காமல் கடந்தேன்.

இரண்டாம் சுற்று. வெப்பம் தலைக்கு மேல் கல்போல. பாலத்தில் இப்போது இருவர். அவர் பக்கத்தில் ராணி, குடையோடு. இளநீர் மீண்டும் நீண்டது. நான் நின்றேன். பதினான்கு மாதப் பயிற்சியில் ஓட்டத்தின் நடுவே நின்றது இதுவே முதல்.

“இவரோடு எப்போதிருந்து பேசுகிறாய்?”

“எப்பமும் பேசுதேன். நிறுத்துனாத்தான?”

“கிணற்றை மூடியவரோடு.”

“மூடச் சொன்னது நாந்தான்.”

கி.மூ. பதறிவிட்டார். “அண்ணி, இப்ப எதுக்குங் அது? அண்ணன் ஓடோணும்.”

“ஓடட்டும். தெரிஞ்சிட்டு ஓடட்டும்.” பிறகு என்னைப் பார்த்து: “நீங்க திருச்சூர் போன அன்னைக்கு அவரு காலப் பிடிக்காத குறையாக் கேட்டேன். லாரிக்குச் சொன்னது மட்டுந்தான் அவரு.”

ஓடினேன். உண்மையில் நடந்தேன்.

மூன்றாம் சுற்று பற்றி என்ன எழுதுவது. கால் இருந்தது. சினத்தைப் பழைய இடத்தில் தேடினேன். இருந்தது, ஆனால் அதன்மேல் இருந்த பெயர் தவறு. ராணியின் பெயரை எழுதிப் பார்த்தேன். கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தபோது நூல் அம்பு கன்னத்தில் உரசியது. அந்தப் பெயரும் நிற்கவில்லை. ஈராண்டு. எழுநூறு நாள். அந்த மனிதர் கதவுக்கு வெளியே மொபெட்டோடு நின்றார், ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் உள்ளே வந்திருக்கலாம். சொல்லவில்லை.

பாலம். மணி 2.24. இருவரும் அங்கேயே. கடைசி ஓட்டக்காரர்களின் பின்னால் ஸ்கூட்டரில் வரும் போட்டி அதிகாரி ஒருவரும். இளநீர் மூன்றாம் முறையாக நீண்டது.

“நம்ம கெணத்தடி மரத்துக் காய்ங்ணா.”

வாங்கினேன். அதிகாரி ஸ்கூட்டரிலிருந்து கால் ஊன்றினார். “சாரே, சாரே! அது குடிச்சா டிஸ்குவாலிஃபை ஆவும். ரெண்டு கிலோமீட்டர்தான் பாக்கி. கீழ வெச்சிருங்க, நான் கண்டில்ல.”

நல்ல மனிதர். “தெரியும். விதி பதினான்கு,” என்றேன். குடித்தேன். நின்று, முழுவதும், ஓர் ஓரத்தில் வழியவிட்டு. காலிக் காயைத் திருப்பிக் கொடுத்தேன்.

“இன்னொண்ணு வெட்டு.”

ஈராண்டில் நான் அவனிடம் பேசிய முதல் சொற்கள். அரிவாளைத் தேடினான். கையில்தான் இருந்தது. ராணி சிரித்தாள், பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சண்முகம் மூன்று சீவில் காயைத் திறந்து கொடுத்தான்.

மேற்கண்ட பத்தியில் மரியாதைப் பன்மை விடுபட்டிருக்கிறது. பார்த்தேன். திருத்தவில்லை.

2.51க்குக் கோட்டைக் கடந்தேன். நேரத்துக்குள், ஒன்பது நிமிடம் மீதி. ஒரு பெண் பதக்கத்தைக் கழுத்தில் போட்டாள். நானே கழற்றிக் காரணம் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பட்டியலில் என் பெயருக்கு நேரே தகுதிநீக்கம். இந்தக் குறிப்பேட்டில் இனி த.நீ.

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில். இரண்டு கால் நகம் கறுத்தன. வகுப்பில் உட்கார்ந்தே பாடம். “சார், த்ரெட்மில்லுல விழுந்துட்டீங்களா?” என்று ஒருத்தி. ஆம் என்றேன்.

காலை உணவின்போது ராணியிடம் கேட்டேன், விசாரணைபோல் அல்ல. முயன்றேன்.

நான் நீந்தப் போகும் ஒவ்வொரு விடியலிலும் அவள் எழுந்து தென்னை வரிசை வரை வந்து நிற்பாளாம். கிணற்றுக்கு இருபது அடி தள்ளி. அதற்கு மேல் கால் வராதாம். தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். நான் படியேறும் சத்தம் வந்ததும் எனக்கு முன் வீட்டுக்கு ஓடி அடுப்பைப் பற்றவைப்பாள். இத்தனை ஆண்டுகள். எனக்குத் தெரியாது. தேநீர் எப்படி எப்போதும் தயாராக இருக்கிறது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

“முழங்கால்ல அடிபட்ட அன்னைக்குச் சத்தம் நின்னுட்டு. நாப்பது எண்ணுனேன். கிட்டப் போய்ப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல பாத்துக்கிடுங்க. கட்டுன புருசன் உள்ள கெடக்காரு, எனக்குக் கால் வரல. ஓடிப் போய் அவர எழுப்புனேன்.”

சண்முகம் வந்து எட்டிப் பார்த்திருக்கிறான். நான் படியில் உட்கார்ந்து காலில் இரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். “உக்காந்திருக்காருங் அண்ணி. உசுரோட இருக்காரு,” என்று சொல்லி, என்னைக் கூப்பிடாமல் திரும்பிவிட்டான். கூப்பிட்டால் எனக்குக் கௌரவக் குறைவு என்று.

நான் வீட்டுக்கு வந்து வழுக்கியது என்று பொய் சொன்னேன். அவள் நம்பியதாகப் பொய் சொன்னாள்.

“என்னிடம் கேட்டிருக்கலாமே, நீந்தாதீர்கள் என்று.”

“கேட்டா நிறுத்திருப்பியளா?”

பதில் தெரிந்த கேள்வி. “அப்படியானால் போட்டிக்கு மட்டும் ஏன் விட்டாய்?”

“அங்க படகு நிக்கி, டாக்டர் நிக்காவ, ஊரே பாத்துட்டிருக்கு. கெணத்துல யாரு இருக்கா?”

“மூடியது நீ என்று ஏன் சொல்லவில்லை?”

“நான் சொல்லுதேன்னுதான் சொன்னேன். அவருதான் விடல.” சண்முகத்தின் பேச்சை அவள் அவனைப்போலவே சொன்னாள், இருபத்தெட்டு ஆண்டில் எங்கள் பேச்சு அவள் நாக்கில் படிந்திருக்கிறது. “‘எம்மேல கோவம்னா அண்ணன் பேசாம இருப்பாருங். இருந்துட்டுப் போறாரு, நான் அடுத்த தோட்டந்தான? உங்க மேலன்னா ஒரே ஊட்ல ரெண்டு பேருக்கும் சோறு எறங்காதுங் அண்ணி.’”

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

பிறகு தெளிவாகச் சொன்னேன்: என் உயிரைப் பற்றி இருவர் கூடி, நான் நான்கு நாள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, எனக்குத் தெரியாமல் முடிவெடுத்தது முற்றிலும் தவறு. அது தவறாகவே இருக்கும். நான் அதை மறக்கப் போவதில்லை.

“சரி, கோவமா இருங்க. சாப்ட்டுட்டு இருங்க. ஆறுது.”

சாப்பிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

காற்று நின்றுவிட்டது. பட்டு வேட்டி தேய்க்கக் கொடுத்து வாங்கியாயிற்று. நொண்டாமல் நடக்க இயலவில்லை. காலையில் அப்படியே தென்னை வரிசையைத் தாண்டிப் போனேன். ஈராண்டுக்குப் பின்.

வாசலில் பந்தல் வேலை. ஹரிணி கை நிறைய மருதாணியோடு ஓடி வந்து, தொட முடியாமல், தலையால் என் தோளில் முட்டினாள். “பெரிப்பா! ஊரெல்லாம் சொல்லியாச்சு. எங்க பெரிப்பா எளநி குடிச்சுத் தோத்தவருன்னு!” மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லிவிட்டாளாம்.

சண்முகம் எதிரே வந்து நின்றான். துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறு தோளில் போட்டான். திரும்ப எடுத்தான்.

“கால் எப்பிடிங்ணா இருக்குது?”

“ரெண்டு நகம் போச்சு.”

“மொளைச்சுருமுங்.”

“மொளைச்சுரும்.”

பந்தல் கிணறு இருந்த இடம் வரை நீள்கிறது. நாளை அங்கேதான் பந்தி. மண் நடுவில் ஓரடி அமிழ்ந்து தட்டுப்போலக் கிடக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் இறங்குமாம். ஒவ்வொரு முறையும் இரண்டு வண்டி மண் கொட்டுகிறான், ஆள் வைக்காமல் அவனே. “நெரம்பவே மாட்டீங்குதுங்ணா.” ராணி அங்கே, அந்தப் பள்ளத்தின் நடுவில் நின்று, பந்தல்காரர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளை அந்த இடத்தில் நான் பார்ப்பது இதுவே முதல்.

பந்தல்காரர் நடுக்காலை ஊன்றக் கடப்பாரையை ஓங்கியது சரியாகக் கிணற்றின் மேல். மண் தாங்காது, பந்தி நடக்கையில் சாயும். சொல்ல வாயெடுத்தேன். சண்முகமும் அதே நொடியில் வாயெடுத்தான். இருவரும் ஒரே சொல்லைத்தான் கத்தினோம். கடப்பாரைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, பத்தடி வலப்பக்கம் தள்ளிப் போய்க் குழி தோண்டினார்.